சூட்டை வைத்து ஒரு கணக்கு

சித்திரை, வைகாசியில் திண்டுக்கல் மலைக்கோட்டைக்கு மாலை நேரத்தில் ஏறியவர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்கும். வெயில் தாழ்ந்திருக்கும், காற்றும் நன்றாக வீசும். அப்பாடா என்று பாறையில் உட்கார்ந்தால் உடனே எழுந்துவிட வேண்டியதுதான். பகலெல்லாம் வாங்கிய வெயிலைப் பாறை இன்னும் திருப்பிக் கொடுத்து முடிக்கவில்லை. அதே நேரத்தில் ஊருக்கு வெளியே செம்மண் காட்டில் நிற்பவருக்குக் காலடி மண் ஆறிப்போயிருக்கும். இரவு மொட்டை மாடியில் படுக்கிறவர்கள் நாலு குடம் தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் பாய் விரிப்பார்கள். வாசல் மணலில் கட்டில் போடுகிறவர்களுக்கு அந்த வேலை இல்லை.

கண்ணை மூடிக்கொண்டு, தரையைத் தொடாமல் ஒரு சாண் உயரத்தில் உள்ளங்கையை வைத்தாலே போதும். கீழே இருப்பது பாறையா, மண்ணா என்று சொல்லிவிடலாம். அப்படிக் கைக்கு வந்து சேர்வதில் பெரும்பங்கு ஒருவகை ஒளிதான். கண்ணுக்குத் தெரியாது, தோலுக்குத் தெரியும். பள்ளிப் புத்தகத்தில் அதற்கு அகச்சிவப்புக் கதிர் என்று பெயர்.

பல கோடி கிலோமீட்டர் தள்ளிச் சுற்றிக்கொண்டிருக்கும் சிறுகோள்களின் மேல்தரை எப்படி இருக்கும் என்று விஞ்ஞானிகள் கண்டுபிடிப்பதும் ஏறக்குறைய இப்படித்தான். உள்ளங்கைக்குப் பதிலாகத் தொலைநோக்கி, அவ்வளவுதான் வித்தியாசம். (திண்டு போலக் கிடக்கும் கல் என்பதால் திண்டுக்கல் என்று பெயர் வந்ததாகச் சொல்வார்கள். ஒரு தனிக் கல்லின் பெயரையே ஊர்ப்பெயராக வைத்திருப்பவர்களுக்கு வானத்தில் திரியும் கற்களைப் பற்றிப் படிக்கக் கூடுதல் உரிமை உண்டு!)

முதலில் கொஞ்சம் பழைய கதை. 1800ஆம் ஆண்டு வில்லியம் ஹெர்ஷல் சூரிய ஒளியை ஒரு முப்பட்டகத்தின் வழியாகப் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானியை வைத்துப் பார்த்தார். சிவப்பைத் தாண்டி, எந்த நிறமும் தெரியாத இடத்திலும் வெப்பமானி ஏறியது. அகச்சிவப்பு அகப்பட்டது அப்படித்தான். அடுத்த ஆண்டு, 1801 ஜனவரி 1 அன்று, பியாசி என்பவர் சீரிஸைக் கண்டுபிடித்தார். இப்படிச் சிறிதாகத் தெரியும் பொருள்களுக்கு 'ஆஸ்டிராய்டு' என்ற பெயரை 1802இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவரும் இதே ஹெர்ஷல்தான். ஆனால் தான் கண்டுபிடித்த ஒன்று, தான் பெயர் வைத்த மற்றொன்றை அளக்கப் பயன்படும் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை. அதற்கு இன்னும் நூற்றைம்பது ஆண்டுக்கு மேல் ஆகவேண்டியிருந்தது.

அந்த இடைவெளியில்தான் சென்னை வருகிறது. நுங்கம்பாக்கத்தில் இருந்த மெட்ராஸ் வானாய்வகத்துக்கு 1861இல் நார்மன் போக்சன் என்ற ஆங்கிலேயர் அரசு வானியலாளராக வந்து சேர்ந்தார். வந்த சூட்டோடு ஏப்ரல் 17 அன்று ஒரு சிறுகோளைப் பிடித்துவிட்டார். ஆசியக் கண்டத்திலிருந்து கண்டுபிடிக்கப்பட்ட முதல் சிறுகோள் என்பதால் அதற்கு 'ஆசியா' என்றே பெயர். வரிசையில் 67ஆவது. பிறகு 1864இல் சாஃபோ, 1866இல் சில்வியா, 1868இல் கமில்லா, 1885இல் வேரா. ஆக, நுங்கம்பாக்கத்திலிருந்து மட்டும் ஐந்து. அடுத்ததாக இந்தியாவில் ஒரு சிறுகோள் அகப்பட 1988 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவும் தமிழ்நாட்டில்தான், காவலூரில். ராஜமோகன் கண்டுபிடித்த அதற்கு 'ராமானுஜன்' என்று பெயர் வைத்தார்கள்.

போக்சனின் பெயர் இன்றும் எல்லா வானியல் புத்தகத்திலும் இருப்பதற்குக் காரணம் சிறுகோள்கள் அல்ல. நட்சத்திரங்களின் வெளிச்சத்தை அளக்க இன்று உலகமே பயன்படுத்தும் அளவுகோல் அவர் 1856இல் முன்மொழிந்தது. ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் வெளிச்சம் சுமார் 2.512 மடங்கு மாறும் என்று கணக்கை நேர்செய்தவர் அவர். வெளிச்சத்தை அளப்பதில் அவ்வளவு கெட்டிக்காரர். ஆனாலும் தான் கண்டுபிடித்த ஐந்தில் ஒன்றுகூட எவ்வளவு பெரியது என்று அவரால் உறுதியாகச் சொல்ல முடிந்திருக்காது.

ஏன் என்கிறீர்களா? தொலைநோக்கியில் சிறுகோள் ஒரு புள்ளியாகத்தான் தெரியும். புள்ளி பிரகாசமாக இருந்தால் கல் பெரியதாக இருக்கலாம். அல்லது சிறியதாக இருந்து சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி பளிச்சென்று இருக்கலாம். மங்கலாக இருந்தால் சின்னக் கல்லாகவோ, கரி பூசிய பெரிய கல்லாகவோ இருக்கலாம். ஒரு கல் தன்மேல் விழும் ஒளியில் 25 சதவீதத்தையும், இன்னொரு கல் 4 சதவீதத்தையும் திருப்பி அனுப்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒரே வெளிச்சத்தில் தெரிந்தால், முதல் கல் 100 மீட்டர் என்றால் இரண்டாவது 250 மீட்டர் இருக்கும். பருமனில் பதினைந்து மடங்குக்கு மேல் வித்தியாசம். விற்பனைத் தொகையை மட்டும் காட்டிவிட்டு லாபம் எவ்வளவு என்று கேட்பது மாதிரிதான் இதுவும்.

இந்த இடத்தில் வணிகவியல் படித்தவர்களுக்குக் கொஞ்சம் தெம்பு வரலாம். ஏனென்றால் விடை ஒரு வரவு செலவுக் கணக்கில் இருக்கிறது. சூரியனிலிருந்து இவ்வளவு தூரத்தில் இருக்கும் கல்லுக்குச் சதுர மீட்டருக்கு எவ்வளவு வெயில் கிடைக்கும் என்பது தெரிந்த விஷயம். அது வரவு. அந்த வெயிலில் ஒரு பங்கை அப்படியே திருப்பி அனுப்பிவிடுகிறது. கண்ணுக்குத் தெரியும் ஒளி அதுதான். மீதியை வாங்கி வைத்துக்கொண்டு, சூடாகி, அகச்சிவப்பாக வெளியே விடுகிறது. வேறு செலவு இனமே கிடையாது. பளிச்சென்ற கல் ஒளியில் அதிகம் செலவழிக்கும், சூட்டில் குறைவாகச் செலவழிக்கும். கருத்த கல் நேர்மாறு. இரண்டையும் அளந்துவிட்டால், கல்லின் அளவு, அதன் கருமை என்ற தெரியாத இரண்டு எண்களும் கையில் வந்துவிடும். கணக்கு டேலி ஆகிவிடும்.

இந்தக் கணக்கைப் பெரிய அளவில் முதலில் போட்டது 1983இல் ஏவப்பட்ட ஐராஸ் என்ற செயற்கைக்கோள். பத்து மாதம்தான் வேலை செய்தது. அதற்குள் சுமார் 2,000 சிறுகோள்களின் அளவு கிடைத்துவிட்டது. போக்சனின் 'ஆசியா' குறுக்கே சுமார் 58 கிலோமீட்டர், விழும் ஒளியில் கால்பங்கைத் திருப்பி அனுப்பும் வெளுத்த கல். ரோட்டுக் கணக்கில் திண்டுக்கல்லிலிருந்து மதுரைக்கு இருக்கும் தூரத்தைவிடச் சற்றே குறைவு. சில்வியாவோ 270 கிலோமீட்டர் அளவுக்குப் பெரியது, ஆனால் கரி மாதிரி கருப்பு. ஒளியில் சுமார் 4 சதவீதம்தான் திரும்பி வருகிறது.

இதற்கு ஏன் செயற்கைக்கோள்? காற்றில் இருக்கும் நீராவி அகச்சிவப்பில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். அது போதாதென்று காற்றும், தொலைநோக்கியும், அது இருக்கும் கட்டடமும் எல்லாமே சூடான பொருள்கள். எல்லாம் அகச்சிவப்பில் மின்னிக்கொண்டிருக்கும். பட்டப்பகலில், விளக்கைக் கையில் பிடித்துக்கொண்டு நட்சத்திரம் தேடுகிற கதை. அதனால்தான் ஐராஸின் தொலைநோக்கியைத் திரவ ஹீலியத்தில் குளிரவைத்து அனுப்பினார்கள். அதில் பிழைத்து வரும் சில அலைநீளங்களைப் பிடிக்கவும் காற்று வறண்ட உயரமான மலை வேண்டும். ஹவாயில் 4,200 மீட்டர் உயர மௌனா கியா மலையில் 1979 முதல் நாசாவின் அகச்சிவப்புத் தொலைநோக்கி இருப்பது அதற்காகத்தான்.

கொடைக்கானலில் முடியாதா என்று கேட்கத் தோன்றும். மெட்ராஸ் வானாய்வகத்தின் வேலைகள் 1899இல் மலையேறிக் கொடைக்கானலுக்குத்தான் போயின. (அப்போது அது மதுரை மாவட்டம். திண்டுக்கல் மாவட்டம் பிறந்தது 1985இல்.) ஆனால் மேகமும் மூடுபனியும் சுற்றுலாப் பயணிகளுக்கு எவ்வளவு பிடிக்குமோ அவ்வளவு அகச்சிவப்புக்கு ஆகாது. கொடைக்கானல் தொடக்கத்திலிருந்தே சூரியனைப் பார்க்கும் இடம். மேற்சொன்ன கணக்கில் வரவுப் பக்கத்தை நூறு வருஷத்துக்கு மேல் எழுதிவரும் அலுவலகம் என்று வைத்துக்கொள்ளலாம்.

சரி, அளவு கிடைத்துவிட்டது. கல் எதனால் ஆனது?

இதற்குச் சூட்டைவிட, சிவப்புக்கு அடுத்தாற்போல இருக்கும் அகச்சிவப்புப் பகுதி உதவும். இது கல் விடும் சூடு அல்ல, சூரியனிலிருந்து வந்து கல்லில் பட்டுத் திரும்புவது. திரும்பும்போது ஒவ்வொரு கனிமமும் தனக்குப் பிடித்த அலைநீளத்தில் கொஞ்சம் கடித்துக்கொண்டு மீதியை அனுப்பும். இரும்பு கலந்த பைராக்சீன், ஆலிவீன் கனிமங்கள் 1 மைக்ரான் பக்கம் கடிக்கும். பைராக்சீன் 2 மைக்ரான் பக்கமும் ஒரு கடி கடிக்கும். நீரில் ஊறி உருவான களிமண் வகைகள் 2.7 மைக்ரான் அருகே, உறைந்த பனி 3.1 மைக்ரான் அருகே. கடித்த இடத்தைப் பார்த்து ஆளைச் சொல்லிவிடலாம். 1970இல் வெஸ்டாவின் ஒளியில் பைராக்சீனின் கடி தெரிந்தது. பூமியில் விழுந்து கிடைத்த ஒருவகை எரிமலைக்குழம்புக் கல்லோடு அது அப்படியே பொருந்தியது. அந்தக் கற்களின் தாய்வீடு வெஸ்டாதான் என்ற யூகத்தை, 2011இல் அங்கே போன டான் விண்கலம் உறுதிப்படுத்தியது.

2010இல் தெமிஸ் என்ற சிறுகோளில் 3.1 மைக்ரான் கடி இருப்பதாக இரண்டு குழுக்கள் அறிவித்தபோது பலருக்கும் ஆச்சரியம். சூரிய வெயிலில் காயும் கல்லின் மேல் பனிப்படலமா? கமில்லாவின் ஒளியிலும் அதே பக்கத்தில் அதே ஜாடையில் ஒரு பள்ளம் இருப்பதை 2012 வாக்கில் வந்த ஆய்வுகள் காட்டின. 1868இல் நுங்கம்பாக்கத்திலிருந்து புள்ளியாகத் தெரிந்த அதே கமில்லாதான். சில்வியாவுக்கு வேறொரு அதிர்ஷ்டம். அகச்சிவப்பில் பார்த்தால் காற்றின் நடுக்கம் குறைவாகத் தெரியும் என்பதால், மீதி நடுக்கத்தையும் கண்ணாடியை வளைத்துச் சரிசெய்யும் பெரிய தொலைநோக்கிகளால் அதன் பக்கத்தில் இரண்டு குட்டி நிலாக்களைப் பார்க்க முடிந்தது. 2005இல் அறிவித்தார்கள். இரண்டு நிலா உள்ள சிறுகோள் என்று தெரியவந்த முதல் சிறுகோள் அதுதான். நிலாக்கள் சுற்றும் வேகத்தை வைத்து எடை போட்டால், சில்வியாவின் அடர்த்தி தண்ணீரைவிடக் கொஞ்சம்தான் அதிகம். முழுக்கல் அல்ல, உள்ளே ஏகப்பட்ட காலி இடத்தோடு குவிந்த கல்குவியல் என்று அதற்கு அர்த்தம்.

இனி மலைக்கோட்டைப் பாறைக்குத் திரும்பலாம். பாறை மெதுவாகச் சூடேறி மெதுவாக ஆறும். மணல் சட்டென்று ஏறிச் சட்டென்று இறங்கும். இந்தப் பிடிவாதத்துக்கு வெப்ப நிலைமம் என்று பெயர். சிறுகோள் தன்னைத்தானே சுற்றும்போது பகல் பக்கம் எவ்வளவு சுடுகிறது, இரவுக்குப் போகும் பக்கம் எவ்வளவு வேகமாக ஆறுகிறது என்று அளந்தால், மேலே இருப்பது மணலா, ஜல்லியா, பாறையா என்று ஊகிக்கலாம். புத்தகத்தில் படிக்க மிகவும் அழகாக இருக்கும். ஆனால் இதை நம்பி ஒரு விண்கலத்தையே அனுப்பியவர்கள் பட்ட பாடு இருக்கிறதே!

பென்னு என்பது சுமார் 490 மீட்டர் அகலமுள்ள சிறுகோள். அங்கே போய்க் கொஞ்சம் மண் அள்ளிக்கொண்டு வர நாசா திட்டமிட்டது. 2007இல் ஸ்பிட்சர் விண்தொலைநோக்கி பென்னுவின் சூட்டை அளந்தது. பாறைக்கு உரிய பிடிவாதம் அதில் இல்லை. எனவே மேல்தரையில் சென்டிமீட்டர் அளவுப் பொடிக்கற்கள்தான் பரவியிருக்கும், ஆற்றுமணல் மாதிரி இறங்கத் தோதாக இருக்கும் என்று கணக்குச் சொன்னது. அந்தக் கணக்கை நம்பி, 50 மீட்டர் அகலமுள்ள சமதளத்தில் இறங்குவதற்கு ஏற்ப ஓசைரிஸ்-ரெக்ஸ் விண்கலத்தை வடிவமைத்தார்கள்.

2018 டிசம்பரில் பக்கத்தில் போய்ப் பார்த்தால், 50 மீட்டர் சமதளம் ஒன்றுகூட இல்லை. எங்கே பார்த்தாலும் பாறை. பத்து மீட்டருக்கு மேல் பெரிய பாறைகளே இருநூறுக்கு மேல். பேரேட்டில் மணல் மூட்டை என்று எழுதியிருக்க, கிடங்கைத் திறந்து சரக்கு எடுத்துப் பார்த்தால் முழுக்கக் கருங்கல் இருந்தது மாதிரி. கணக்கு எழுதியவர்களின் முகத்தை நினைத்துப் பார்க்கவே பாவமாக இருக்கிறது.

அளவு தப்பவில்லை. ஸ்பிட்சர் அளந்த சூடு சரியானதுதான், கிட்டே போய் அளந்தபோதும் ஏறக்குறைய அதுவே வந்தது. தப்பியது, பாறை என்றால் மலைக்கோட்டைப் பாறை மாதிரி கெட்டியாகத்தான் இருக்கும் என்ற நினைப்பு. பென்னுவின் பாறைகள் உள்ளே துளைதுளையாக இருப்பவை. அதனால் பார்வைக்குப் பாறை, சூட்டுக்கு மணல். சூட்டை வாங்கி வைத்துக்கொள்ளும் சக்தி அவற்றுக்குக் குறைவு. பூமியில் பழகிய கல்லை வைத்து அங்குள்ள கல்லை எடைபோட்டதுதான் கோளாறு. இதை 2020 வாக்கில் வந்த ஆய்வுகள் விளக்கின.

அதற்குப் பிறகு இறங்கும் முறையையே மாற்ற வேண்டியதாயிற்று. பென்னுவைப் படம்படமாக எடுத்து, எந்தக் கல் எங்கே இருக்கிறது என்று விண்கலத்துக்கே மனப்பாடம் செய்ய வைத்தார்கள். சுமார் 16 மீட்டர் அகலமே பத்திரமான ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து, 2020 அக்டோபர் 20 அன்று இறக்கினார்கள். கை தரையைத் தொட்டதும் நிற்கவில்லை. அரை மீட்டர் அளவுக்கு உள்ளே போய்விட்டது! அவ்வளவு பொலபொலப்பு. உடனே உந்துபொறியை இயக்கி மேலே கிளம்பியதால் தப்பித்தது. 60 கிராம் கிடைத்தால் போதும் என்று போனவர்கள் 121.6 கிராமோடு திரும்பினார்கள். 2023 செப்டம்பர் 24 அன்று அந்தப் பெட்டி அமெரிக்காவின் யூட்டா பாலைவனத்தில் இறங்கியது. பென்னுவில் நீர் பட்டு உருவான களிமண் உண்டு என்று 2.7 மைக்ரான் கடியை வைத்துச் சொல்லியிருந்தார்கள். பெட்டியைத் திறந்தபோது அது அப்படியே இருந்தது. ஒரு கணக்கு தப்பியது, மற்றொரு கணக்கு சரியாக வந்தது.

இந்தச் சூட்டுக் கணக்கை வெறும் ஆராய்ச்சி ஆசை என்று ஒதுக்கவும் முடியாது. ஒரு கல்லின் மதியச் சூடு கொஞ்சம் தாமதித்துச் சாயங்காலப் பக்கத்திலிருந்து வெளியே போகிறது என்று பார்த்தோம் அல்லவா? போகும்போது அந்தச் சூடு கல்லை மிக மிக மெல்லத் தள்ளிவிட்டுப் போகும். மலைக்கோட்டையைத் தள்ள அது போதாது. ஆனால் வெற்றிடத்தில் தடுக்க ஆள் இல்லாமல் ஆண்டுக்கணக்கில் தள்ளினால் பாதையே மாறும். பென்னுவின் பாதை இப்படி ஆண்டுக்குச் சுமார் 284 மீட்டர் சூரியன் பக்கம் நகர்கிறது. 2182 செப்டம்பர் 24 அன்று அது பூமியில் மோத சுமார் 2,700இல் ஒரு வாய்ப்பு என்று சொல்லியிருக்கிறார்கள். இந்த எண்ணையே சூட்டுக் கணக்கு இல்லாமல் போட முடியாது.

2182 ரொம்பத் தூரம் என்றால் இன்னொன்று. 2024 டிசம்பர் 27 அன்று சிலியில் உள்ள ஒரு தொலைநோக்கியில் அகப்பட்ட 2024 ஒய்ஆர்4 என்ற சிறுகோள், 2032 டிசம்பர் 22 அன்று பூமியில் மோதக்கூடும் என்று கணித்தார்கள். 2025 பிப்ரவரி 18 அன்று அந்த வாய்ப்பு 3.1 சதவீதம் வரை ஏறியது. மோதினால் எங்கே விழலாம் என்று போட்ட நீண்ட பட்டையில் பசிபிக், தென் அமெரிக்காவின் வடபகுதி, ஆப்பிரிக்கா, அரபிக்கடலோடு தெற்காசியாவும் இருந்தது. எவ்வளவு பெரிய கல் என்று கேட்டால் 40 மீட்டரிலிருந்து 90 மீட்டருக்குள் என்றுதான் பதில் வந்தது. போக்சனுக்கு இருந்த அதே தொல்லை. வெறும் வெளிச்சத்தை வைத்துக்கொண்டு வேறென்ன சொல்ல முடியும்? 40 மீட்டருக்கும் 90 மீட்டருக்கும் பருமனில் பதினோரு மடங்கு வித்தியாசம். ஒரு ஊரைக் காலிசெய்வதா, ஒரு மாவட்டத்தைக் காலிசெய்வதா என்று யோசிக்க வேண்டிய வித்தியாசம் அது.

அடுத்தடுத்துப் பாதையை அளந்ததில் பிப்ரவரி முடிவதற்குள் பூமிக்கு ஆபத்தில்லை என்று தெளிவாகிவிட்டது. ஆனாலும் விடவில்லை. 2025 மார்ச்சில் ஜேம்ஸ் வெப் விண்தொலைநோக்கியைத் திருப்பி அந்தக் கல்லின் சூட்டைப் பிடித்தார்கள். சுமார் 60 மீட்டர், முன்னே பின்னே 7 மீட்டர். சூடு இன்னொன்றும் சொன்னது. பெரிய சிறுகோள்களில் தெரியும் மெல்லிய மணல் இதன் மேல் இருப்பதாகத் தெரியவில்லை. கைமுட்டி அளவுக் கற்களும் அதைவிடப் பெரிய கற்களும்தான் மேலே இருக்கின்றன போலும். பென்னு கொடுத்த அனுபவத்துக்குப் பிறகு இந்த 'போலும்' மிகவும் அவசியமான சொல். ஒய்ஆர்4 மறுபடி பூமிப் பக்கம் வருவது 2028 டிசம்பரில்.